பழைய பெட்டியில் புதிய கார்டு: ஒரு கறுப்புத் திரையின் வரலாறு

கேபினெட்டின் பக்க மூடியைக் கழற்றி, ஐந்தாறு வருடத் தூசியை ஊதித் தள்ளி, சேர்த்து வைத்த காசில் வாங்கிய புதிய கிராபிக்ஸ் கார்டைச் செருகி, பவர் பட்டனை அழுத்தினால்... ஃபேன் சுற்றுகிறது. விளக்கு எரிகிறது. திரை மட்டும் கறுப்பாகவே இருக்கிறது. உள்ளேயிருந்து ஒரு நீளமான பீப், இரண்டு குட்டி பீப். அவ்வளவுதான்.

பழைய கணினியில் புதிய கார்டு போட்டுப் பார்த்தவர்களுக்கு இந்தக் காட்சி புதிதல்ல. முதலில் கடைக்காரர் மேல் கோபம் வரும். அடுத்து, கை வைத்த இடத்தில் எதையாவது கெடுத்துவிட்டோமோ என்ற பயம் வரும். பெரும்பாலான நேரங்களில் இரண்டுமே தேவையில்லாதவை. கார்டும் நல்ல கார்டுதான், கணினியும் நல்ல கணினிதான். இரண்டும் வேறு வேறு காலத்தைச் சேர்ந்தவை, அதுதான் சிக்கல்.

அந்த பீப் ஒலிக்கே வயது நாற்பதைத் தாண்டிவிட்டது. 1981ல் வந்த ஐ.பி.எம். பெர்சனல் கம்ப்யூட்டரிலேயே ஒரு நீளம், இரண்டு குட்டை என்றால் "திரைக்கான கார்டைக் கவனி" என்று பொருள். பின்னாளில் அவார்டு நிறுவனத்தின் பயாஸிலும் அதே ஒலி அதே அர்த்தத்தில் தொடர்ந்தது. கறுப்புத் திரைக்கான மற்ற காரணங்களும் இப்படித்தான். ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஏதோ ஒரு வருடத்தில் யாரோ எடுத்த ஒரு முடிவு இருக்கிறது. அந்த முடிவுகளின் கதையைத் தெரிந்துகொண்டால் பழுது பார்க்கும் வேலையில் பாதி முடிந்த மாதிரி.

1981: ஐந்து ஸ்லாட், இரண்டு சுவிட்ச்

1981 ஆகஸ்ட் 12 அன்று ஐ.பி.எம். தன் முதல் பெர்சனல் கம்ப்யூட்டரை அறிவித்தது. அதன் மதர்போர்டில் ஐந்து ஸ்லாட்டுகள் இருந்தன. திரைக்கான மின்சுற்று மதர்போர்டில் இல்லை. அதற்குத் தனியாக ஒரு கார்டு வாங்க வேண்டும். வாங்குபவருக்கு இரண்டு வழிகள். எழுத்து மட்டும் காட்டும் எம்.டி.ஏ. கார்டு ஒன்று. 320க்கு 200 புள்ளிகளில் நான்கு நிறங்கள் காட்டும் சி.ஜி.ஏ. கார்டு மற்றொன்று. அலுவலகங்கள் முதலாவதை வாங்கின, விளையாட்டுப் பிரியர்கள் இரண்டாவதை வாங்கினார்கள்.

எந்த கார்டு செருகப்பட்டிருக்கிறது என்பதைக் கணினி தானாகக் கண்டுபிடிக்காது. மதர்போர்டில் குட்டிக் குட்டியாக இருந்த சுவிட்சுகளில் 5, 6 ஆகிய இரண்டையும் சரியான பக்கம் தள்ளிவைத்து மனிதர்தான் சொல்ல வேண்டும். தவறாகத் தள்ளினால் கார்டு சரியாக இருந்தும் திரை ஒழுங்காக வராது. ஐ.பி.எம்.மின் கறுப்பு-பச்சை மானிட்டருக்கு இன்னொரு பலவீனமும் இருந்தது. தனக்குப் பொருந்தாத அதிர்வெண்ணில் சிக்னல் வந்தால் அது நிரந்தரமாகவே கெட்டுப்போகக்கூடும். ஆக, கார்டு மாற்றும்போது வேறொரு பொருளும் சேர்ந்து போய்விடும் என்ற பயம் முதல் தலைமுறையிலேயே தொடங்கிவிட்டது.

அந்தக் கணினியின் மின்வழங்கி மொத்தமே 63.5 வாட். இந்த எண்ணைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்வது நல்லது. பின்னால் தேவைப்படும்.

1984: முதல் கறுப்புத் திரை

மூன்று வருடம் கழித்து, 1984ல், இ.ஜி.ஏ. என்ற புதிய கார்டை ஐ.பி.எம். கொண்டுவந்தது. 640க்கு 350 புள்ளிகள், ஒரே நேரத்தில் 16 நிறங்கள். பழைய கார்டுகளோடு ஒப்பிட்டால் பெரிய பாய்ச்சல்தான். ஆனால் 1981ல் ஆசையாய் வாங்கிய கணினியில் இதைச் செருகியவர்களில் பலருக்குத் திரை வரவில்லை!

எம்.டி.ஏ., சி.ஜி.ஏ. இரண்டையும் இயக்கும் நிரல் மதர்போர்டின் பயாஸிலேயே இருந்தது. இ.ஜி.ஏ. அப்படியல்ல. தன்னை இயக்கும் நிரலைத் தன் மேலேயே ஒரு சிப்பில் சுமந்து வந்தது. கணினி துவங்கும்போது மதர்போர்டின் பயாஸ் ஸ்லாட்டுகளைத் துழாவிப் பார்த்து, "இங்கே வேறொரு நிரல் இருக்கிறதா?" என்று தேடினால்தான் அது ஓடும். அப்படித் தேடும் வழக்கம் 1982 அக்டோபர் 27 தேதியிட்ட பயாஸிலிருந்துதான் வந்தது. அதற்கு முந்தைய பயாஸ் உள்ள கணினி, கார்டு ஸ்லாட்டில் இருப்பதையே அறியாமல் துவங்கும்.

இதற்கு ஐ.பி.எம். வைத்த தீர்வு, பயாஸ் சிப்பையே மாற்றுவது. புதிய சிப்பைத் தனியாக விற்றது. அதோடு அந்த 5, 6 சுவிட்சுகளையும் "பழைய கார்டு எதுவும் இல்லை" என்ற நிலைக்குத் தள்ளிவைக்க வேண்டும். இல்லாவிட்டால் மதர்போர்டு இல்லாத சி.ஜி.ஏ.வைத் தேடிக்கொண்டிருக்கும்.

இன்றைக்கும் ஒரு கார்டு வேலை செய்யவில்லை என்றால் முதலில் கிடைக்கும் அறிவுரை என்ன? "பயாஸை அப்டேட் பண்ணு." "பயாஸ் செட்டிங்கில் எந்த கார்டு முதலில் என்று பார்." 1984ன் இரண்டு வேலைகளும் அப்படியே! சுவிட்ச் மட்டும் திரையில் தெரியும் மெனுவாக மாறிவிட்டது.

கார்டு தன் நிரலைத் தானே சுமந்து வரும் ஏற்பாடு நீண்ட நாள் நிலைத்தது. அதனால்தான் மதர்போர்டு தயாரானபோது பிறந்திராத கார்டுகூட அதில் வேலை செய்ய முடிந்தது. பழைய பெட்டியில் புதிய கார்டு போடலாம் என்ற நம்பிக்கைக்கே அஸ்திவாரம் இதுதான் எனலாம்.

ஸ்லாட்டுக்கு யார் முதலாளி?

1980களின் நடுவில் ஐ.பி.எம்.முக்கு ஒரு வருத்தம் இருந்தது. அதன் கணினியைப் பார்த்து அதேபோலச் செய்து விற்கும் நிறுவனங்கள் பெருகிவிட்டன. 1987 ஏப்ரலில் பி.எஸ்/2 வரிசையை வெளியிட்டபோது ஐ.பி.எம். இரண்டு காரியங்கள் செய்தது. வி.ஜி.ஏ. என்ற திரைத் தரத்தைக் கொண்டுவந்தது. கூடவே மைக்ரோ சேனல் என்ற முற்றிலும் புதிய ஸ்லாட்டையும் கொண்டுவந்தது. பழைய கார்டு எதுவும் அதில் நுழையாது. மற்றவர்கள் அதைப் பயன்படுத்த வேண்டுமானால் உரிமத் தொகை கட்ட வேண்டும்.

நடந்தது என்ன? வி.ஜி.ஏ.வை உலகமே ஏற்றுக்கொண்டது. அந்த 15 ஊசி நீலக் கனெக்டரை அதற்குப் பிறகு இருபது வருடத்துக்கும் மேலாக எல்லா மானிட்டரிலும் பார்க்க முடிந்தது. மைக்ரோ சேனலை ஏற்க ஆளில்லை. காம்பாக் உள்ளிட்ட ஒன்பது நிறுவனங்கள் 1988ல் சேர்ந்து, பழைய கார்டுகளும் நுழையும்படி ஈ.ஐ.எஸ்.ஏ. என்ற மாற்று ஸ்லாட்டை அறிவித்தன. வாங்குபவர் ஏற்கெனவே போட்ட பணத்தை மதிக்காத ஸ்லாட், எவ்வளவு வேகமாக இருந்தாலும் சந்தையில் நிற்காது என்பதற்கு இது ஒரு பாடம்.

ஆனால் பழைய ஐ.எஸ்.ஏ. ஸ்லாட் உண்மையிலேயே மெதுவானதுதான். விண்டோஸ் 3.1 போன்ற படம் நிறைந்த மென்பொருட்கள் வந்தபோது திணறியது. 1992ல் வெசா அமைப்பு ஒரு குறுக்குவழி கண்டது. ஐ.எஸ்.ஏ. ஸ்லாட்டுக்குப் பின்னால் இன்னொரு துண்டைச் சேர்த்து, கார்டை நேராக 486 சிப்பின் பாதையோடு இணைத்தது. இதுதான் வெசா லோக்கல் பஸ். வேகம் கிடைத்தது. ஆனால் கார்டு மிக நீளம், அதைச் செருகவும் பிடுங்கவும் பலம் வேண்டும். 486ஐ நம்பிப் பிறந்த இந்த ஸ்லாட், பென்டியம் வந்ததும் 486 கூடவே போய்விட்டது.

நிலைத்தது இன்டெல் 1992ல் அறிவித்த பி.சி.ஐ. ஸ்லாட். நொடிக்கு 133 மெகாபைட். எந்த ஒரு பிராசஸரையும் சார்ந்திராத பொதுவான பாதை. முக்கியமாக, ஜம்பர் மாற்றும் வேலை ஒழிந்தது. கார்டு தன்னைத் தானே அறிமுகம் செய்துகொள்ளும், பயாஸ் அதற்கு இடம் ஒதுக்கும். 1995 ஆகஸ்டில் வந்த விண்டோஸ் 95 இதற்கு "பிளக் அண்ட் பிளே" என்று பெயர் சூட்டி விளம்பரம் செய்தது. தொடக்க காலத்தில் அது சொன்னபடி கேட்காததால், "பிளக் அண்ட் ப்ரே" (செருகிவிட்டுக் கும்பிடு) என்று கேலியும் செய்தார்கள்.

ஒரு வெட்டில் இருக்கிறது எல்லாம்

1996ல் 3டிஎஃப்எக்ஸ் நிறுவனத்தின் வூடூ கார்டு வந்தது. அதற்குச் சாதாரணத் திரை காட்டத் தெரியாது. முப்பரிமாணம் மட்டும்தான் தெரியும். ஏற்கெனவே உள்ள கார்டிலிருந்து ஒரு கேபிள் வூடூவுக்கு வரும், வூடூவிலிருந்து மானிட்டருக்குப் போகும். பழைய கார்டைத் தூக்கி எறியத் தேவையில்லை. பழைய பெட்டி வைத்திருப்பவர்களுக்கு இதைவிட அனுசரணையான கார்டு பிறகு வந்ததா என்பது சந்தேகமே.

விளையாட்டுகளின் பசி கூடக்கூட பி.சி.ஐ. போதவில்லை. இன்டெல் 1996ல் ஏ.ஜி.பி. என்ற தனி ஸ்லாட்டை வகுத்தது. 1997ல் 440எல்எக்ஸ் சிப்செட்டோடு அது கடைக்கு வந்தது. கிராபிக்ஸுக்கு மட்டும் ஒரே ஒரு ஸ்லாட். முதலில் நொடிக்கு 266 மெகாபைட், பிறகு இரண்டு மடங்கு, நான்கு மடங்கு, 2002ல் எட்டு மடங்கு.

இங்கேதான் பழைய கணினி வைத்திருந்தவர்களின் பணத்தோடு வரலாறு நேரடியாக மோதியது. முதல் ஏ.ஜி.பி. 3.3 வோல்ட்டில் இயங்கியது. 1998ல் வந்த இரண்டாம் பதிப்பு 1.5 வோல்ட்டைக் கொண்டுவந்தது. வேகம் கூட வேண்டுமானால் வோல்ட் குறைய வேண்டும். இரண்டும் ஒரே அளவு, ஒரே தோற்றம். மாற்றிச் செருகிவிடாமல் இருக்க இன்டெல் ஒரு எளிய ஏற்பாடு செய்தது. ஸ்லாட்டுக்குள் ஒரு பிளாஸ்டிக் தடுப்பு, கார்டில் ஒரு வெட்டு. 3.3 வோல்ட் என்றால் தடுப்பு கேபினெட்டின் பின்பக்கத்துக்கு அருகில் இருக்கும். 1.5 வோல்ட் என்றால் அதற்கு எதிர்ப்பக்கமாகத் தள்ளி இருக்கும். இரண்டையும் தாங்கும் கார்டுக்கு இரண்டு வெட்டுகள். இரண்டையும் தாங்கும் ஸ்லாட்டுக்குத் தடுப்பே கிடையாது.

காகிதத்தில் அருமையான திட்டம். கடையில் என்ன ஆனது என்றால், 3.3 வோல்ட் மட்டுமே தெரிந்த சில மலிவு கார்டுகள் இரண்டு வெட்டுகளோடு வந்தன. 2000ன் இறுதியிலும் 2001லும் வந்த இன்டெல் 850, 845 சிப்செட்டுகள் 1.5 வோல்ட்டை மட்டுமே தாங்கும். அந்த பென்டியம் 4 மதர்போர்டில் இப்படிப்பட்ட கார்டைச் செருகினால் தடுப்பு தடுக்காது. பவர் பட்டனை அழுத்தியதும் மதர்போர்டே போய்விடலாம். சில தயாரிப்பாளர்கள் இதற்காகவே மதர்போர்டில் எச்சரிக்கை விளக்கும் பாதுகாப்புச் சுற்றும் சேர்த்தார்கள்.

யோசித்துப் பார்த்தால் இதில் நஷ்டம் யாருக்கு? கார்டு செய்தவருக்கு அந்த வெட்டை ஒழுங்காகப் போடுவதில் பெரிய செலவு ஒன்றுமில்லை. இரண்டு வெட்டு போட்டால் இன்னும் கொஞ்சம் பேருக்கு விற்கலாம். போனது வாங்கியவரின் மதர்போர்டு. வணிகவியல் பாடத்தில் "நிரப்புப் பண்டங்கள்" என்று ஒரு சொல் வரும். ஒன்று இல்லாமல் மற்றொன்றால் பயனில்லை என்ற வகைப் பொருட்கள். கார்டும் மதர்போர்டும் அப்படித்தான். ஆனால் இரண்டையும் செய்பவர்கள் வேறு வேறு. இரண்டும் பொருந்தும் என்பதற்கான பொறுப்பை எடுத்துக்கொள்ள இடையில் யாருமில்லை. அந்தப் பொறுப்பு கடைசியில் ஸ்க்ரூ டிரைவர் பிடித்திருக்கும் கைக்குத்தான் வந்து சேர்கிறது.

இதே காலத்தில் இன்னொரு விதமான ஏமாற்றமும் இருந்தது. 1999ல் வந்த இன்டெல் 810 சிப்செட்டிலேயே கிராபிக்ஸ் அடங்கியிருந்தது. கணினி விலை குறைந்தது. ஆனால் ஏ.ஜி.பி. ஸ்லாட் கிடையாது! பின்னாளில் வந்த 845ஜிஎல், 865ஜிவி சிப்செட்டுகளும் அப்படியே. குறைந்த விலையில் கணினி வாங்கியவர், நாலு வருடம் கழித்துத் திறந்து பார்க்கும்போதுதான் ஸ்லாட் இல்லாததைக் கவனிப்பார். அவருக்கு மிச்சமிருந்த வழி பழைய பி.சி.ஐ. கார்டு மட்டுமே.

மின்சாரம் என்ற மறந்துபோன கணக்கு

வெகு காலம் வரை கிராபிக்ஸ் கார்டுக்குத் தேவையான மின்சாரம் முழுவதும் ஸ்லாட் வழியாகவே வந்தது. 2000ல் வந்த வூடூ 5 5500 கார்டில் ஹார்ட் டிஸ்க்குக்குப் போகும் அதே நான்கு ஊசி மின்கம்பியைச் செருக வேண்டியிருந்தது. 2002ல் வந்த ஏ.டி.ஐ. ரேடியான் 9700 ப்ரோவுக்கு ஃப்ளாப்பி டிரைவின் மின்கம்பி தேவைப்பட்டது. அதைச் செருக மறந்தவர்கள் ஏராளம்.

எஸ்.எம்.பி.எஸ். பெட்டியின் வரலாறும் இதோடு பின்னியது. பழைய கணினிகள் பெரும்பாலும் 5 வோல்ட், 3.3 வோல்ட் பாதைகளில் மின்சாரம் எடுத்தன. 2000ல் பென்டியம் 4 வந்தபோது பளு 12 வோல்ட் பாதைக்கு மாறியது, அதற்காக ஒரு தனி நான்கு ஊசிக் கம்பியும் வந்தது. பின்னால் வந்த பெரிய கிராபிக்ஸ் கார்டுகளும் 12 வோல்ட்டையே குடித்தன. எனவே பழைய எஸ்.எம்.பி.எஸ். மேல் ஒட்டிய தாளில் மொத்த வாட் எவ்வளவு என்று இருப்பது முக்கியமில்லை. 12 வோல்ட் வரிசையில் எத்தனை ஆம்பியர் என்பதுதான் முக்கியம். கேபினெட்டோடு சேர்த்துக் கிடைக்கும் எஸ்.எம்.பி.எஸ்.ஸின் தாளில் உள்ள எண்ணை அப்படியே நம்புவதும் ஆபத்து.

வயதும் ஒரு காரணம். 2000களின் தொடக்கத்தில் தயாரான பல மதர்போர்டுகளிலும் எஸ்.எம்.பி.எஸ்.களிலும் தரமற்ற கெபாசிட்டர்கள் இருந்தன. சில வருடங்களில் அவை தலை உப்பி, கசியத் தொடங்கின. அப்படிப்பட்ட போர்டு பழைய கார்டோடு எப்படியோ ஓடிக்கொண்டிருக்கும். புதிய கார்டின் பளு ஏறியதும் விழுந்துவிடும். பழி புதிய கார்டின் மேல் வரும்!

2004ல் பரவிய பி.சி.ஐ. எக்ஸ்பிரஸ் இந்தக் கணக்கை ஒழுங்குபடுத்தியது. ஸ்லாட் வழியாக அதிகபட்சம் 75 வாட். ஆறு ஊசிக் கம்பி இருந்தால் இன்னொரு 75. எட்டு ஊசி என்றால் 150. 2022ல் வந்த ஆர்.டி.எக்ஸ் 4090 கார்டின் அளவு 450 வாட். 1981ன் முழுக் கணினிக்கும் சேர்த்து இருந்தது 63.5 வாட் மட்டுமே. ஏறக்குறைய ஏழு மடங்கு, அதுவும் ஒரே கார்டுக்கு!

2004: பாலம் கட்டியவர்கள்

பி.சி.ஐ. எக்ஸ்பிரஸ் ஸ்லாட்டில் ஏ.ஜி.பி. கார்டு நுழையாது. ஏ.ஜி.பி. ஸ்லாட்டில் புதிய கார்டு நுழையாது. மைக்ரோ சேனல் செய்த அதே துண்டிப்பை இந்த முறை சந்தை ஏற்றுக்கொண்டது ஏன்? பழைய பி.சி.ஐ. ஸ்லாட்டுகள் சிலவற்றையும் அதே மதர்போர்டில் பக்கத்திலேயே விட்டுவைத்தார்கள். உரிமத்தை ஒரே நிறுவனம் பூட்டி வைக்காமல் பல நிறுவனங்கள் சேர்ந்த அமைப்பு நிர்வகித்தது. அடுத்தடுத்த பதிப்புகளும் பழைய பதிப்போடு பொருந்தும் என்று உறுதி தந்தார்கள்.

ஏ.ஜி.பி. வைத்திருந்த கோடிக்கணக்கானவர்களையும் உடனே கைவிடவில்லை. என்விடியாவும் ஏ.டி.ஐ.யும் இரு மொழி பேசும் பால சிப்புகளைச் செய்து, புதிய கார்டுகளை ஏ.ஜி.பி. வடிவத்திலும் கொடுத்தன. 2008ல்கூட ரேடியான் எச்.டி. 3850 ஏ.ஜி.பி. வடிவத்தில் கிடைத்தது. ஆனால் அந்தக் கார்டுக்குப் பழைய பிராசஸர் ஈடு கொடுக்க முடியாது. மாட்டு வண்டியில் விமான எஞ்சின் பூட்டிய கதைதான்.

பொருத்தம் பற்றிய உறுதியிலும் ஓட்டைகள் இருந்தன. 2007ல் இரண்டாம் பதிப்பு வந்தபோது, முதல் பதிப்பின் தொடக்க கால மதர்போர்டுகள் சிலவற்றில் புதிய கார்டு போட்டால் திரை வரவில்லை. மதர்போர்டுக்குப் புதிய பயாஸ் வந்தால் பிழைத்தது, வராவிட்டால் இல்லை.

மென்பொருளும் ஒரு ஸ்லாட்தான்

இரும்பு பொருந்தினாலும் டிரைவர் பொருந்த வேண்டும். 2007 ஜனவரியில் விண்டோஸ் விஸ்டா கடைகளுக்கு வந்தது. அதற்கு முந்தைய வருடமே "விஸ்டா கேப்பபிள்" என்ற ஸ்டிக்கர் ஒட்டிய கணினிகள் விற்பனையாயின. அவற்றில் பல, இன்டெல் 915 சிப்செட்டின் கிராபிக்ஸ் கொண்டவை. விஸ்டாவின் புதிய திரை அழகை அவற்றால் காட்ட முடியவில்லை. வாங்கியவர்கள் 2007ல் அமெரிக்காவின் சியாட்டில் நகரில் வழக்குப் போட்டார்கள். 2008ல் வெளியான உள் மின்னஞ்சல்கள் மைக்ரோசாப்ட் நிறுவனத்துக்குப் பெரும் சங்கடத்தைத் தந்தன. ஸ்டிக்கருக்கான தகுதி இன்டெல்லுக்கு வசதியாகத் தளர்த்தப்பட்டது என்று மைக்ரோசாப்ட் ஆட்களே அவற்றில் எழுதியிருந்தார்கள். 2009ல் அது கூட்டு வழக்கு என்ற தகுதியை இழந்தது.

அடுத்த பெரிய மாற்றம் 2012ல் விண்டோஸ் 8 வந்த சமயத்தில் பரவலானது. பழைய பயாஸின் இடத்தை யு.இ.எஃப்.ஐ. பிடித்தது. இ.ஜி.ஏ. காலத்து முறையில் எழுதிய நிரலை மட்டுமே சுமந்த கார்டு, பழைய முறைக்கு இடம் தராத யு.இ.எஃப்.ஐ. கணினியில் திரை காட்டாது. அதே சமயம், 2011, 2012 காலத்து மதர்போர்டுகள் சில புதிய கார்டின் நிரலைப் புரிந்துகொள்ளாமல் தடுமாறின. 1982 அக்டோபருக்கு முந்தைய பயாஸின் அதே கதை!

மானிட்டர் பக்கமும் கவனிக்க வேண்டும். 2010 டிசம்பரில் இன்டெல், ஏ.எம்.டி. உள்ளிட்ட நிறுவனங்கள் வி.ஜி.ஏ. இணைப்புக்கு 2015க்குள் விடை கொடுப்பதாக அறிவித்தன. 2016ல் வந்த ஜி.டி.எக்ஸ் 1080ல் அந்தப் பழைய சிக்னல் டி.வி.ஐ. வழியாகக்கூட வராது. பழைய மானிட்டரை வைத்திருப்பவர், சிக்னலை மாற்றித் தரும் கன்வெர்ட்டர் ஒன்றும் வாங்க வேண்டும். வெறும் பின் மாற்றும் அடாப்டர் போதாது.

யாருக்காகச் செய்த கார்டு?

2022 ஜனவரியில் ரேடியான் ஆர்.எக்ஸ் 6500 எக்ஸ்.டி. வந்தது. அறிவித்த விலை 199 டாலர். கையில் பழைய கணினி வைத்துக்கொண்டு குறைந்த செலவில் மேம்படுத்த நினைப்பவர்களைக் கவரும் விலை. ஆனால் அதில் 16 பாதைகளுக்குப் பதில் 4 பாதைகள்தான். பி.சி.ஐ. எக்ஸ்பிரஸ் நான்காம் பதிப்பு உள்ள புதிய மதர்போர்டில் நொடிக்கு ஏறத்தாழ 8 ஜிகாபைட் கிடைக்கும். மூன்றாம் பதிப்பு உள்ள பழைய மதர்போர்டில் அது பாதியாகிவிடும். கார்டில் இருந்ததோ 4 ஜிகாபைட் நினைவகம். அது நிரம்பினால் அந்த ஒடுங்கிய பாதையை நம்பித்தான் விளையாட்டு ஓட வேண்டும், வேகம் சட்டென்று விழும். திரை வரும், பீப் வராது, குறை மட்டும் இருக்கும். பழைய பெட்டிக்காரரே அதிகம் வாங்கக்கூடிய கார்டு, பழைய பெட்டியில்தான் மோசமாக ஓடியது.

அதே வருடம் வந்த இன்டெல் ஆர்க் கார்டுகளும், "ரீசைசபிள் பார்" என்ற வசதி இல்லாத பழைய மதர்போர்டுகளில் தங்கள் வேகத்தில் கணிசமான பங்கை இழந்தன.

வரலாறு சொல்லும் வரிசை

இவ்வளவையும் பார்த்த பிறகு, கறுப்புத் திரை வந்தால் எதை முதலில் பார்ப்பது? செலவில்லாதது முதலில், செலவு வைப்பது கடைசியில்.

1. மானிட்டர் கேபிள் இன்னும் மதர்போர்டின் பழைய வாயிலேயே இருக்கிறதா? சிரிப்பாக இருக்கும், ஆனால் பலரின் மாலைப்பொழுது இதிலேயே போயிருக்கிறது.

2. மின்கம்பியைச் சுவரிலிருந்து பிடுங்கிவிட்டு, கார்டைக் கழற்றி மறுபடி அழுத்திச் செருக வேண்டும். ஸ்லாட்டின் முனையில் உள்ள கொக்கி "டக்" என்று விழ வேண்டும். ஏ.ஜி.பி. காலத்துப் பெட்டி என்றால் செருகும் முன்பே வெட்டையும் தடுப்பையும் வோல்ட்டையும் ஒப்பிட்டுப் பார்ப்பது கட்டாயம்.

3. கார்டில் ஆறு அல்லது எட்டு ஊசி வாய் இருந்தால் அதற்கு மின்கம்பி போயிருக்கிறதா?

4. பழைய கார்டை அல்லது ஆன்போர்டு கிராபிக்ஸை வைத்துத் துவங்கிப் பார்க்க வேண்டும். துவங்கினால், பயாஸ் மெனுவில் எந்த கிராபிக்ஸ் முதலில் என்பதையும், பழைய முறைத் துவக்கம் அனுமதிக்கப்பட்டிருக்கிறதா என்பதையும் பார்த்து, மதர்போர்டு நிறுவனம் புதிய பயாஸ் கொடுத்திருந்தால் அதைப் போடலாம். பயாஸ் ஏற்றும் நடுவில் மின்சாரம் போனால் மதர்போர்டு படுத்துவிடும் என்பதால் யு.பி.எஸ். இருப்பது நல்லது.

5. துவங்குகிறது, விண்டோஸ் வந்ததும் உறைகிறது என்றால் பழைய டிரைவரை முழுவதும் நீக்கிவிட்டுப் புதியதைப் போட வேண்டும். அந்த விண்டோஸுக்கு டிரைவர் இருக்கிறதா என்பதை வாங்கும் முன்பே பார்க்க வேண்டும். 2022ன் ஆர்.டி.எக்ஸ் 40 வரிசைக்கு விண்டோஸ் 7 டிரைவர் கிடையாது.

6. விளையாட்டு தொடங்கியதும் கணினி அணைகிறது என்றால் சந்தேகம் எஸ்.எம்.பி.எஸ். மேல்தான். 12 வோல்ட் கணக்கைப் பார்த்து, கெபாசிட்டர் தலைகளையும் ஒருமுறை பார்ப்பது நல்லது.

7. கடைசியாக, அந்தக் கார்டை நண்பரின் கணினியில் போட்டுப் பார்க்கலாம். அங்கே ஓடினால் கார்டைக் குறை சொல்ல வழியில்லை. அங்கேயும் ஓடாவிட்டால் கடைக்குப் போக வேண்டிய நேரம்.

இந்த ஏழும் முடிந்த பிறகு வருவது இரும்புக் கணக்கல்ல, பணக் கணக்கு. கார்டுக்காக எஸ்.எம்.பி.எஸ்., அதற்காகக் கேபினெட், பிறகு மதர்போர்டு, அதற்கேற்ற பிராசஸர், ரேம்... என்று கையில் பழையது எதுவுமே மிஞ்சாமல் போகலாம். ஏற்கெனவே போட்ட காசு போட்டதுதான். அதைக் காப்பாற்றுவதற்காக மேலும் காசு போடுவது கணக்கில் சேராது. 1987ல் ஐ.பி.எம்.முக்கு எதிராக வாங்குபவர்கள் இதே கணக்கைப் போட்டுத்தான் மைக்ரோ சேனலை வேண்டாம் என்றார்கள்.

கார்டு வாங்கும் முன் பழைய பெட்டியின் மூடியை ஒருமுறை கழற்றி, ஸ்லாட் எது, எஸ்.எம்.பி.எஸ். தாளில் என்ன இருக்கிறது, மதர்போர்டின் பெயர் என்ன என்று மூன்றையும் ஒரு துண்டுத் தாளில் எழுதிக்கொண்டு கடைக்குப் போகலாம். ஐந்து நிமிட வேலை. தாளும் பேனாவும்தான் செலவு.